என் பாட்டுக்கு அவன் தாளம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காலை முழுக்க டப்பா தட்டினோம். பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா, எண்ணெய் டின், சோப்புத்தூள் வாளி. பாட்டின் பெயர் ‘காலி டப்பா’. பதிவில் நிஜமான டப்பாதான் ஒலிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதன் விளைவு. முன்னாள் கணவன் (இனி வெறும் ‘முன்னாள்’) ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தான். (இந்த உவமையை அடித்துவிடலாமா? இருக்கட்டும். யார் படிக்கப்போகிறார்கள்.)

கடைசியில் பையிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்தான். குழந்தைகளுக்குக் கொடுப்பது. மூடியில் சிரிக்கிற குழந்தை.

“இதான். கேளு, என்ன சுத்தமா விழுது பாரு.”

சுத்தமாகத்தான் விழுந்தது. நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான்! டீச்சர் வயலினைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். லிஃப்ட்காரர்தான் எழுந்து அந்த டப்பாவை வாங்கிச் சன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, “பெயின்ட் டப்பா போதும்க்கா, கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், பாட்டுக்குப் பொருந்தும்” என்றார்.

எங்கள் விவாகரத்துப் பத்திரத்தில் பீரோ யாருக்கு, புத்தகங்கள் யாருக்கு என்றெல்லாம் இருக்கிறது. பேண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் இரண்டு வருடமாக, ஞாயிறு தவறாமல், டயர் கடைக்கு மேலே பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்த இந்த அறையில் நான் பாடுகிறேன், அவன் டிரம்ஸ் அடிக்கிறான். மேடையில் கேட்டால் “குறுக்குச் சந்து – நாலு பேர், நாலு திசை” என்று சொல்லிக்கொள்கிறோம். டீச்சருக்குச் சாஸ்திரிய சங்கீதம். லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரருக்கு பேஸ் கிட்டார், ஜமைக்காவின் ரெகே இசைமேல் பைத்தியம். அவனுக்கு ராக். எனக்குப் பாட்டு எழுத வரும், அது எந்த வகை என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 10, திங்கள்

நான் வேலை பார்க்கிற கிளினிக்கில் இன்று பதினொரு பேருக்குக் காது பரிசோதனை செய்தேன். பதினொரு பேரும் “எனக்கு நல்லாத்தான் கேக்குது, மத்தவங்கதான் முணுமுணுக்கறாங்க” என்றார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பதிவுக்கு முன் ஒருமுறை எழுதி வைக்கிறேன், இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று. பேட்டியில் கேட்டால் சொல்லப்போவதில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால். இரண்டாவது குழந்தையும் ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன். எழுந்த முதல் நாள் கிட்டாரை எடுத்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை – விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் வேலையிலிருந்து வந்தான். ஏதோ பேச்சு வளர்ந்தது. சன்னலைச் சாத்தச் சொன்னான், நான் சாத்தவில்லை. அப்போது சொன்னான்:

“காலி டப்பாதான் சத்தம் போடும்.”

பிறகு, “அம்மா சொன்னாங்க.”

அவ்வளவுதான். அதன் பிறகு அத்தையோடு, அவன் அம்மாவோடு, நான் பேசவில்லை. அதே வீட்டில் ஒன்றரை வருடம். தட்டை வைப்பேன், எடுப்பேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். விவாகரத்து முடிந்து வரும்போது, பஸ்ஸில், பதினொரு நிமிடத்தில் பாட்டு வந்தது.

*காலி டப்பாதான் சத்தம் போடும்னு
சொன்னாளே, சொன்னாளே,
கதவோரம் நின்னு சொன்னாளே…*

கதவோரம் நின்றது என் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

டீச்சருக்கும் முன்னாளுக்கும் சண்டை. நடுச்சரணத்தில் வயலின் தனியாக அழ வேண்டும். கீழே ரெகே தாளம் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். “இங்கே அழச் சொல்றே, அங்கே அவர் ஆடச் சொல்றார். நான் ஒரு ஆள்தானேம்மா?” என்றார் டீச்சர். அவன், “டீச்சர், நீங்க கமகத்தை இழுத்துட்டே போனா நான் எங்க இறங்கறது, அடுத்த ஸ்டாப்பிலயா?” என்றான். டீச்சர் வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் பேசமாட்டார், ஆனால் பேசினால் பிரயோசனமாகப் பேசுவார். “டீச்சர் ரெண்டாவது மாடியில நிக்கட்டும். நான் கீழ்த் தளத்துலேருந்து மெதுவா ஏறி வர்றேன். நீங்க டிரம்ஸை நிறுத்திட்டு வெறும் டப்பாவை மட்டும் தட்டுங்க. கதவு திறக்கறப்போ எல்லாரும் ஒண்ணா இறங்குவோம்.”

அப்படியே செய்தோம். வயலின் மேலே தனியாக நின்றது, பேஸ் ஒவ்வொரு படியாக ஏறியது, டப்பா மட்டும் டொக், டொக், டொக். பல்லவி வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த நான்கு பேரை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. எண்ணிப் பார்த்தால் நான்கில் ஒருத்தி நான்தான்.

மார்ச் 2, ஞாயிறு

பதிவு முடிந்தது. இரண்டாவது முறையிலேயே சரியாக வந்துவிட்டது.

அவன் ஒரு அடி பிசகவில்லை. இந்தப் பாட்டில் எப்போதுமே பிசகியதில்லை. என்னை ஏமாற்றியதைப் பற்றி, என்னை மறந்ததைப் பற்றி, இப்படி அவனைத் திட்டி நான் எழுதிய மற்ற பாட்டுகளில் எங்காவது கை சோரும். ஆனால் அவன் அம்மாவைத் திட்டுகிற இந்தப் பாட்டில் மட்டும் உயிரைக் கொடுத்து அடிப்பான். ‘அம்மா உனக்குச் செய்ததற்கு என்னால் முடிந்தது இதுதான்’ என்று அவன் கைகள் சொல்வதாக நான் நினைத்துக்கொள்வேன். அவனிடம் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதை அந்த ஒரு பாட்டில்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பாட்டை வெளியிட்டோம். டீச்சரின் மாணவிகள் இருபது பேர் கேட்டிருப்பார்கள்.

மார்ச் 19, புதன்

இருபது பேர் இல்லை. யாரோ ஒரு பெண் சமையலறையில் டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே பல்லவிக்கு வாயசைத்து வீடியோ போட்டிருக்கிறாள். ‘என் மாமியாருக்கு சமர்ப்பணம்’ என்று தலைப்பு. அதைப் பார்த்து இன்னொருத்தி, அதைப் பார்த்து இன்னொருத்தி. ஊரில் இருக்கிற மருமகள்கள் எல்லாம் டப்பா தட்டுகிறார்கள்.

ஒன்பது வருடம் எழுதினேன். காதல், மரணம், வேலை, மழை எல்லாவற்றையும் பற்றி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியாரைத் திட்டினதும் ஓடி வருகிறார்கள்.

ஆனாலும் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்.

மார்ச் 22, சனி

சின்ன அரங்கம், நிரம்பிய கூட்டம். நான் மைக்கில், “இது எல்லா மாமியாருக்கும்… குறிப்பா என் மாமியாருக்கு” என்றேன். சிரிப்பு அடங்கவே அரை நிமிடம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். முன்னாளும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 24, திங்கள்

கிளினிக்கில் நாளைய பட்டியலில் அத்தையின் பெயர். பத்தே கால் மணி.

மார்ச் 25, செவ்வாய்

தனியாக வந்தார். மெலிந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“வேற ஆள் இருக்காங்க, மாத்தி விடட்டுமா?” என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாக இன்னொரு முறை கேட்டேன்.

“எதுக்கு? நீ ஒழுங்காத்தானே பண்ணுவே?”

ஒலி புகாத அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவர் முடியைத் தொட்டேன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் பட்டனில் கட்டைவிரலை வைத்தபடி, பரீட்சை எழுதும் பிள்ளைபோல முகத்தை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். சத்தம் போய்க்கொண்டே இருந்தது. விரல் அசையவில்லை.

வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடது இன்னும் மோசம். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும்.

வரைபடத்தில் வட்டங்களையும் பெருக்கல் குறிகளையும் போடும்போது என் மனதில் முதலில் வந்தது இதுதான்: அப்பாடா, பாட்டு இவர் காதில் விழுந்திருக்காது.

அது நிம்மதியா, வெட்கமா? இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது.

இரண்டு காதுக்கும் கருவி எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் மாட்ட வேண்டும். நான்தான் மாட்ட வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

பயிற்சிக்கு நடுவே டீ குடிக்கும்போது அவனிடம் சாதாரணமாகச் சொன்னேன். “உங்க அம்மா கிளினிக்குக்கு வந்தாங்க. காது மெஷின் மாட்டப்போறோம்.”

அவன் கையிலிருந்த குச்சி நின்றது. “மெஷின் மாட்டினா எல்லாம் கேக்குமா?”

“அதுக்குத்தானே மாட்டறது.”

மே மாதக் கல்லூரி நிகழ்ச்சியில் ‘காலி டப்பா’ வேண்டாம் என்றான். இணையத்திலிருந்தும் எடுத்துவிடலாம் என்றான். “அம்மாவுக்கு வயசாச்சு. பாவம். கேட்டா தாங்கமாட்டாங்க.”

“ரெண்டு வருஷமா நீ அடிச்சப்போ அது உங்க அம்மா இல்லையா?”

“அப்போ அவங்களுக்குக் கேக்காது.”

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! கேட்காதவரைக்கும் வையலாம். டீச்சர் அவன் பக்கம். “பெரியவங்க மனசு நோகக்கூடாதும்மா, விட்டுடேன்.” லிஃப்ட்காரர் கிட்டாரின் கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் முடியாது என்றேன். என் வலி, என் பாட்டு. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாயிற்று, இதையுமா?

ஏப்ரல் 3, வியாழன்

மாட்டிவிட்டேன். இரண்டு காதுக்கும் பின்னால், சாம்பல் நிறம். அளவு சரிபார்க்கும்போது நான் ஒரு காகிதத்தைக் கசக்கினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவு சத்தமா போடும் காகிதம்?”

பிறகு எழுந்து இரண்டடி நடந்து தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டார். இன்னும் இரண்டடி. “ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, கூட்டிக் குறைச்சுத் தரேன்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுத முடியவில்லை. ஆனால் எழுதியே ஆகணும்.

அத்தை வந்தார். உட்கார்ந்ததும், நான் எதையும் கேட்பதற்கு முன், “எதிர்வீட்டுப் பொண்ணு துணி காயப்போடறப்போ பாடிட்டே இருந்தது. நல்லாயிருக்கே, யார் பாட்டுன்னு கேட்டேன். போன்ல போட்டுக் காட்டுச்சு” என்றார். “உன் குரல் எனக்குத் தெரியாதா?”

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவை. அந்த டப்பா சமாச்சாரம் யார் சொன்னது?”

“நீங்கதான்.”

“உன்கிட்டயா?”

“உங்க பையன்கிட்ட. நான் எந்திரிச்சு உக்காந்த அன்னிக்கு.”

அத்தை பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்தார், மூக்கைத் துடைத்தார், மடித்து உள்ளே வைத்தார்.

“எனக்குக் காதுதான் போச்சு. வாய் போகலை. என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். பாட்டு, கச்சேரின்னு வண்டியில குலுங்கிட்டு அலைஞ்சா உடம்பு எப்படித் தாங்கும், ஒரு வருஷம் அவளை வீட்டுல இருக்கச் சொல்லுடான்னு சொன்னேன். அதைச் சொன்னேன். இல்லேன்னு சொல்லமாட்டேன். உனக்கு அது தப்புன்னா தப்பு. ஆனா டப்பான்னு சொல்லலை. நான் திட்டினா மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். ஆறு வருஷம் கூட இருந்தியே, உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான். தெரியும்! உப்பு அதிகமானால் “உப்பு அதிகம்” என்பார். தனக்குப் பிடிக்காத புடவை – பிடிக்காத எதுவாக இருந்தாலும் – “உனக்கு நல்லால்ல” என்பார். பழமொழி சொல்லிக் குத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அது யாருக்கு உண்டு என்றும் தெரியும்.

“நீ பேசறதை நிறுத்தினே. வேதனையில இருக்கான்னு விட்டேன். அப்புறம் வீட்டுல யார் பேசினாலும் எனக்குப் பாதி கேக்கலை. ஆனா நீ ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம்ல?”

கருவியில் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். போகும்போது வாசலில் நின்று, “எதிர்வீட்டுப் பொண்ணு கேட்டுச்சு, ‘ஆன்ட்டி, இது உங்க மருமகதானே’ன்னு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏப்ரல் 18, வெள்ளி

விடுப்பு. படுத்தே இருந்தேன்.

இப்போது நினைவு வருகிறது. “காலி டப்பாதான் சத்தம் போடும்” என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மாத்திரை இடைவெளி. அப்புறம்தான் “அம்மா சொன்னாங்க.” அந்த ஒரு மாத்திரையை நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்? காதுதானே என் தொழில்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வரச்சொன்னேன். கீழே, டயர் கடை பூட்டியிருந்தது. வெளியே அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தான்.

நேராகக் கேட்டேன். கொஞ்சம் மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். அதுகூட இல்லை.

“ஆமா. நான்தான். கோவத்துல வாய் தவறிடுச்சு. உன் மூஞ்சியைப் பாத்ததும் பயந்துட்டேன். அம்மா பேரைச் சேத்துட்டேன்.”

“நாலு வருஷம்.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ பாட்டு எழுதிட்டே.”

“அதுக்கு ரெண்டு வருஷமா உயிரைக் கொடுத்துத் தாளம் போட்டியே. எப்படிடா முடிஞ்சுது?”

“நல்ல பாட்டு. அதான்.” கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். அப்புறம் ஒரு சிரிப்பு. அவன் ஒரு காலத்தில் என்னைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. “யோசிச்சுப் பாத்தா பல்லவி என்னோடது. பாடலாசிரியர்னு என் பேரையும் போடணும்.”

வேடிக்கையாகச் சொன்னதாம். வேடிக்கை! என் வயிற்றெரிச்சலில் அவன் குளிர்காய்ந்திருக்கிறான். நான் விறகு பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே அவனை வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். மே 10 நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டாயிற்று, டீச்சருக்கு அது முதல் பெரிய மேடை, வேறு டிரம்மர் மூன்று வாரத்தில் கிடைக்கமாட்டான் – இப்படி வரிசையாகக் காரணங்கள். காரணங்களுக்கு என்னிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாட்டைத் திருத்திவிட்டேன். பெரிய வேலையொன்றும் இல்லை. ஒரே ஒரு எழுத்து. ‘ளே’ போய் ‘னே’ வந்தது.

*சொன்னானே, சொன்னானே,
கதவோரம் நின்னு சொன்னானே…*

மெட்டு அசையவில்லை, தாளம் அசையவில்லை, எதுகை எங்கும் இடிக்கவில்லை. இரண்டு வருடமாக இந்த எழுத்துக்காகவே இடம்விட்டு வைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

பயிற்சியில் முன்னறிவிப்பு இல்லாமல் பாடினேன். டீச்சரின் வில் ஒரு கணம் தடுக்கியது. லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. அவன் மட்டும் நிறுத்தாமல் அடித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

முடிந்ததும், “ஜனங்களுக்குப் பிடிக்காது” என்றான். “மாமியாரைத்தான் கேக்க வர்றாங்க.”

லிஃப்ட்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். “அண்ணே, நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க.”

ஐந்து வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மே 10, சனி

கல்லூரி மைதானம். மாலை ஆறு மணி, வெயில் இன்னும் மிச்சமிருந்தது, அதனால் முகங்கள் எல்லாம் தெரிந்தன. மூவாயிரம் பேர் என்றார்கள். பாதிப் பேர் கையில் டப்பா.

முதல் நான்கு பாட்டுக்கும் பொறுமையாக இருந்தார்கள். டீச்சரின் ஆலாபனைக்குக் கைதட்டினார்கள், அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஐந்தாவது. நான் எதுவும் அறிமுகம் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், “மாமியாருக்கு சமர்ப்பணம்!” கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அதை நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சரணம் பாடினேன். பல்லவிக்கு வந்தேன். “சொன்னானே” என்றேன்.

அவர்கள் “சொன்னாளே” என்றார்கள். மூவாயிரம் பேர், டப்பாவோடு. என் கையில் மைக் இருந்தது, பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர் இருந்தது, ஆனாலும் என் ‘னே’ எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது பல்லவியில் தொண்டை கிழியக் கத்தினேன். நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாக ‘ளே’ என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணீரோடு பாடினாள். அவளுடைய மாமியார் என்ன சொன்னாரோ. நிஜமாகவே சொன்னாரோ என்னவோ.

திரும்பி அவனைப் பார்த்தேன். குனிந்துகொண்டு அடித்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தபோது வந்த கைதட்டல் போல் என் வாழ்நாளில் கேட்டதில்லை. மேடைக்குப் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், “இனிமே வராதே” என்றேன் அவனிடம்.

“பேண்டு என்னோடதும்தான்.”

“அப்போ நான் போறேன்.”

மே 12, திங்கள்

இணையத்திலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? ஆயிரம் பேர் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். வரவேற்பில் இருக்கும் அக்கா ரசீது எழுதிக்கொண்டே முணுமுணுக்கிறார். ஆம், ‘ளே’தான்.

மே 18, ஞாயிறு

அறைக்குப் போனேன், என் சாமான்களை எடுக்க. லிஃப்ட்காரரும் தன்னுடையதை எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவனோடு இருக்கப்போகிறார். நேரில் வந்து சொன்னார், அந்த மரியாதைக்கு நன்றி.

“உன் மேல தப்பில்லைம்மா. ஆனா எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இத்தனை நாள் பிள்ளைங்களுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்தே போச்சு. அன்னிக்கு மூவாயிரம் பேர் கைதட்டினாங்க. அதை விட்டுட்டு எங்க போறது?”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

அவனும் டீச்சரும் குறுக்குச் சந்து என்ற பெயரிலேயே நடத்துகிறார்கள். புதிதாக ஒரு பெண், இளம் குரல், நன்றாக இருக்கிறது. கடைசிப் பாட்டாக ‘காலி டப்பா’. பழைய பாடத்தையே பாடுகிறாள். ஏட்டில் பாடபேதம் என்பார்களே, அதுபோல் ஒரு பாட்டுக்கு இரண்டு பாடம். ஊர் முழுக்கப் பரவியது ஒன்று, இந்த நோட்டில் கிடப்பது ஒன்று.

சட்டப்படி தடுக்கலாம் என்கிறார் லிஃப்ட்காரர். பாட்டு என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அதாவது அத்தையை ஊர் முன்னால் நிறுத்தியதற்கு முழு உரிமையாளர் நான் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அவன் சொன்னது பொய். அதை நான் ஒரே ஒரு முறை கேட்டேன். என் பாட்டை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? இதில் யார் பெரிய பொய்யர்?

ஜூன் 8, ஞாயிறு

லிஃப்ட்காரர் வீட்டு வரவேற்பறை. பேஸும் கிட்டாரும் மட்டும். அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே டிவி பார்த்தார். புதிதாக எதுவும் எழுதவில்லை. பழைய மழைப் பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தோம். இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அத்தையின் மறுபரிசோதனை. முன்பைவிடத் தெளிவாக இருக்கிறதாம். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் பேசுவதெல்லாம் கேட்கிறதாம். “கேக்காம இருந்தப்போ உலகம் இவ்வளவு அபத்தமா இல்லை” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வந்தானா உன்கிட்ட?”

“இல்ல, அத்தை.”

“என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. நான் கேட்டேன், ‘ஏண்டா அப்படிச் சொன்னே’ன்னு. வேற வீடு பாத்துட்டுப் போயிட்டான்.”

கருவிகளைக் கழற்றி வாங்கி மேசையில் வைத்து, சின்னத் தூரிகையால் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். அத்தை தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் மன்னிப்புக் கேக்கலை, சரி. நீ?”

அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

தூரிகையை வைத்தேன். “நான் உங்களைக் கேக்காம எழுதினது தப்பு. ஊருக்கெல்லாம் பாடிச் சிரிக்க வெச்சது அதைவிடத் தப்பு. என்னை மன்னிச்சுடுங்க, அத்தை” என்றேன். பாட்டுகூட இவ்வளவு சிரமப்பட்டு வெளியே வந்ததில்லை.

“என்ன? சத்தமாச் சொல்லு” என்றார்.

கருவி இரண்டும் என் மேசையில் கிடந்தன.

எடுத்தேன். எழுந்து போய் முதலில் வலது காதில் மாட்டினேன், பிறகு இடது. முடியை ஒதுக்கிச் சரிசெய்தேன். திரும்பி என் நாற்காலிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

அத்தை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்தபிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சு” என்றார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த பரிசோதனை செப்டம்பரில், மத்தியானம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்தார்.

“காலைல போடு. மத்தியானம் பஸ்ல கூட்டம்.”

அடித்துவிட்டுக் காலை என்று எழுதினேன்.